ஆயிரம் வருடக் காட்டில் ஒரு கிணறு

வாசுகி இன்னும் அந்தப் படத்தை அழிக்கவில்லை.

முகநூலில் போட்டிருக்கிறாள். "ஆயிரம் வருடக் காட்டில் ஒரு நாள்!" என்று மேலே ஒரு வரி. பின்னால் வானத்தை மறைக்கும் மரங்கள். முன்னால் அவளும் நானும். நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எடுத்துவிடு என்று மூன்று தடவை கேட்டாயிற்று. "ஏனடி, வடிவாத்தானே இருக்கிறாய்?" என்கிறாள்.

வடிவாக இருப்பதுதான் பிரச்சினை.

வாசுகியும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அவள் இப்போது மெல்பேர்னில். போன மாதம் வந்து பாலையூற்றில் என் வீட்டில் பத்து நாள் தங்கினாள். "கடலும் காடும் ஒண்டா வாற றோட்டால ஒரு நாள் போகவேணும்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் கிண்ணியாவில் வான் ஓட்டும் ரஷீத் நானாவின் நம்பரைத் தந்தார். போன் எடுத்து, இன்ன பெயர், ஓய்வுபெற்ற டீச்சர், பேப்பரில் எழுதுகிறவர் என்று என்னை அறிமுகப்படுத்தினேன். (அந்தக் கடைசித் தகவல் தேவையா? தேவையில்லைதான். ஆனாலும் சொல்வேன்.) அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி மிஸ்... வாறன்" என்றார் பிறகு.

சிக்னல் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலத்தில் வாசுகி வானை நிறுத்தச் சொன்னாள். படம். மூதூரில் பராட்டாவும் பிளேன்டீயும். அதற்கும் படம். பிறகு தெற்கே திரும்பினோம். இடது பக்கம் கடல், வலது பக்கம் காடு. ரஷீத் நானா அதிகம் பேசாதவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கேட்டால் பதில், கேட்காவிட்டால் றோட்டு. வாசுகிதான் மூச்சு விடாமல் கதைத்தாள். இந்த மரங்களுக்கு எத்தனை வயதிருக்கும்? எத்தனை ராசாக்களைப் பார்த்திருக்கும்?

நானும் விடவில்லை. எனக்குத் தெரிந்த மரப்பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டேன். பாலை, வீரை, முதிரை... ஒரு பழைய டீச்சரை வானுக்குள் ஏற்றினால் வேறென்ன நடக்கும்?

காட்டு வாசலில் ஒரு குடில், ஒரு தடுப்புக் கம்பம், ஒரு பலகை. 'புராதன வனம்' என்று எழுதியிருந்தது. ஊர்ப்பெயரை நான் இங்கே எழுதவில்லை. வழக்கு நடக்கிறது. என்ன வழக்கு என்று சொல்கிறேன், பொறுங்கள்.

காவலாளி எங்கள் இரண்டு பேரையும் சிரித்து வரவேற்றார். பின்னால் வந்த ரஷீத் நானாவைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நானா, நீங்க வாகனத்திலயே இருங்க. எனக்குத்தான் கரைச்சல் வரும்" என்றார். அதிகாரமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோலச் சொன்னார்.

"ஓம், தெரியும். நான் வரல்ல" என்றார் ரஷீத் நானா.

எனக்கு விளங்கவில்லை. எங்கிருந்தோ வந்த வாசுகி போகலாம். நான் போகலாம். கிண்ணியாக்காரர் ஏன் போக ஏலாது?

காவலாளி குடிலுக்குள் போனதும் ரஷீத் நானா என் பக்கத்தில் வந்தார்.

"மிஸ், ஒரு உதவி. உள்ளுக்குப் போற பாதையில ஒரு தென்னமரம் வரும். அதுல நிண்டு வலது பக்கம் பாத்தா ஒரு தேசிமரம். அதுக்குப் பின்னால ஒரு கிணறு இருக்கு. கிணத்துக்கட்டுல ஒரு பேர் எழுதியிருக்கும். அது இன்னும் இருக்கா எண்டு மட்டும் பாத்து, ஒரு போட்டோ எடுத்துத் தாங்க."

"என்ன பேர்?"

"ஃபரீதா. என்ட வைஃப்."

உள்ளே நடந்தோம். வாசுகி மேலே பார்த்து நடந்தாள். நான் பக்கவாட்டில் பார்த்து நடந்தேன். அடர்ந்த மரங்களுக்கு நடுவே, வெளிச்சம் தேடி ஒல்லியாக உயர்ந்துபோன ஒற்றைத் தென்னை. அதற்கு வலது பக்கம், முள்ளுக்குள் மூழ்கியபடி ஒரு தேசிமரம். இரண்டு எலுமிச்சங்காய்கூட இருந்தது.

ஆயிரம் வருடக் காட்டில் தேசிக்காய் மரத்தை யார் நட்டது? ராசாவா?

"பாம்பு இருக்கும், வா போவம்" என்று வாசுகி கத்தக் கத்தப் பாதையை விட்டு இறங்கினேன். சீலையில் முள் இழுத்தது. கிணறு இருந்தது. கட்டு ஒரு பக்கம் இடிந்து, மரவேர் உள்ளே இறங்கியிருந்தது. கைலேஞ்சியால் பாசியைத் துடைத்தேன். ஈரச் சிமெந்தில் குச்சியால் எழுதிய எழுத்து. முதல் எழுத்துகள் உடைந்துபோயிருந்தன. '...ரீதா' மட்டும் மிச்சம். போட்டோ எடுத்தேன். வெளிச்சம் போதாமல் முதலாவது படம் கலங்கிவிட்டது. இன்னொன்று எடுத்தேன்.

திரும்பி வந்து போனைக் கொடுத்தேன். ரஷீத் நானா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டு, ரயரைப் பார்ப்பதுபோல வானுக்கு மற்றப் பக்கம் போனார். நான்கு ரயரையும் பார்த்து முடிக்க அவருக்குக் கனநேரம் எடுத்தது.

வரும் வழியில்தான் கதையைச் சொன்னார். அது அவருடைய வாப்பாவுக்கு அரசாங்கப் பெர்மிட்டில் கிடைத்த காணி. கல்யாணம் முடித்த வருடம் அவரும் ஃபரீதாவும் கட்டிய கிணறு. யுத்தம் வந்தது. ஊரோடு ஓடினார்கள். பெர்மிட் வீட்டோடு எரிந்தது. அரசாங்கக் கந்தோரில் இருக்கவேண்டிய பிரதியும் இல்லை என்றார்கள். ஆட்களில்லாத நிலத்தில் மரம் வளர்ந்தது. மரம் வளர்ந்த நிலத்தில் வன இலாகாவின் எல்லைக்கல் வந்தது. நிலைமை சீராகித் திரும்பிப்போய்க் கிணற்றைச் சுற்றிப் பற்றை வெட்டிய அன்று, வனத்தை அழித்த குற்றத்துக்காகப் பிடித்தார்கள். நாலு வருடமாக வழக்கு. முடியும்வரை அவர் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது.

அங்கே பழைய மரங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கின்றன. காடு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு மேல் மரம் மூட முப்பது வருடம் வேண்டும். அதைப் புராதனமாக்க ஒரு பின்னேரமும் ஒரு பலகையும் போதும்.

"இது பெரிய அநியாயம் நானா! நான் எழுதுறன்" என்றேன், ஆவேசமாக.

அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். நீங்க முந்தியே எழுதிட்டீங்க. வழக்கு ஃபைல்ல உங்கட கட்டுரை இருக்கு."

எனக்கு ஞாபகம் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன், இப்போது நீங்கள் வாசிக்கும் இதே பத்தியில். அதிகாரிகள் சிலர் பேப்பருக்கு எழுதுகிற எங்களைத் தங்கள் ஜீப்பில் வேறு பாதையால் கூட்டிப்போய், காட்டைக் காட்டி, மத்தியானச் சாப்பாடும் தந்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கி நான் இருபது அடிகூட நடக்கவில்லை. வந்து எழுதினேன். 'இந்தத் தொன்மையான வனத்தில் கத்தி வைப்பவர்களுக்கு இரக்கம் காட்டக் கூடாது' என்று. அந்த வரியில் எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

"நான்தான் எழுதினது எண்டு தெரிஞ்சுமா வந்தனீங்கள்?"

"ஓம். எழுதுற ஆள் கண்ணால பாக்கட்டும் எண்டுதான் வந்த."

வாசுகி கிண்ணியா தாண்டியதும் மெல்லக் கேட்டாள்: "இதையெல்லாம் அவர் நாளைக்குச் சொல்லியிருக்கலாமேடி? நல்ல ஒரு நாள்..."

போன புதன்கிழமை ரஷீத் நானாவுடன் கோட்டுக்குப் போனேன். கிணற்றுப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு, அன்று நான் பார்க்காமல் எழுதினேன் என்று ஒரு கடிதமும் எழுதிக்கொண்டு போனேன். அவருடைய சட்டத்தரணி இரண்டையும் கொடுத்தார். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டையும் எழுதினது ஒரே ஆள். முந்தினதை நம்புறதா, பிந்தினதை நம்புறதா?"

நியாயமான கேள்வி. வழக்கு நான்கு மாதம் தள்ளிப்போனது.

வெளியே விறாந்தையில் ஃபரீதா இருந்தார். அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். மெலிந்த மனுஷி. வாங்கில் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டார். எப்படித் தொடங்குவது?

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அந்தப் பேப்பர் வந்த அண்டே நான் வாசிச்ச மிஸ். காட்டுக்குப் புதுப் பேர் போட்டிருந்ததால எங்கட இடம் எண்டு எனக்குத் தெரியல்ல. வாசிச்சுப்போட்டு, 'இந்தக் காட்ட ஒருக்காப் பாக்கணும், கூட்டிட்டுப் போங்க' எண்டு இவர்ட்டக் கேட்டன். அவ்வளவு நல்லா எழுதியிருந்தீங்க."

இத்தனை வருடத்தில் வந்த எந்த வாசகர் கடிதத்திலும் எனக்கு இப்படியொரு பாராட்டுக் கிடைத்ததில்லை.