தார் ரோட்டில் சங்கிலித் தடம்

கிரீஸ் வாசனை பட்டில் ஏறிவிடும் என்பதுதான் அம்மாவின் முதல் பயம். ராணுவத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ஓய்வுபெற்று ஆரணிக்குத் திரும்பியபோது டிரங்குப் பெட்டியோடு ஒரு கோணியும் வந்தது. அதைத் தறிக்குப் பக்கத்தில் அவர் கவிழ்த்ததும் இரண்டு இரும்புச் சங்கிலி வலைகள் கலகலவென்று கொட்டின. லடாக்கில் பனி மூடிய சாலையில் சக்கரம் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டுவது, இருபக்கமும் நீளச் சங்கிலி, நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்குச் சங்கிலிகள் என்று அவர் விளக்கியது எதையும் அம்மா காதில் வாங்கவில்லை.

"வாங்கினு வந்தீங்களா, எடுத்துகினு வந்தீங்களா?"

"'கண்டம்' பண்ண சரக்கு, ஒதவாதுன்னு கழிச்சது. ஏலத்துல எடுத்தது."

ரசீதை நாங்கள் பார்க்கவில்லை. கோணி பரணுக்குப் போனது. அம்மாவின் சந்தேகம் கீழேயே இருந்தது.

அப்பாவுக்குக் களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் டிராக்டர் ஓட்டும் வேலை கிடைத்தது. மழை மாதங்களில் தேவிகாபுரம் பக்கத்து மண்பாதைகளில் நெல் ஏற்றிய வண்டிகள் அச்சு வரை புதையும் என்பதால், அவர் சங்கிலிகளை இறக்கினார். லாரிக்குச் செய்தவை டிராக்டரின் பெரிய பின்சக்கரத்துக்கு எட்டவில்லை. பட்டறையில் கொடுத்து ஒவ்வொன்றிலும் நான்கு குறுக்குச் சங்கிலிகள் சேர்த்து நீட்டினார். சேர்த்தவற்றின் இடைவெளி பழையதைவிட ஒரு விரல் அகலம். "நம்மூர்ல பனி பேஞ்சா சொல்லியனுப்பறோம் மிலிட்டரி, அப்ப மாட்டிக்க" என்று எதிர்வீட்டுக்காரர் கேலி செய்தார்.

மாட்டும்போது ஒரு விடுமுறை நாளில் கூட இருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது. சங்கிலியை முறுக்கில்லாமல் தரையில் விரித்து, அதன்மேல் சக்கரத்தை மெதுவாகப் பின்னால் ஏற்றி, இரண்டு முனைகளையும் டயர்மேல் இழுத்து, உள்பக்கக் கொக்கியை முதலிலும் வெளிப்பக்கக் கொக்கியைப் பிறகும் மாட்டுவார். கொக்கியின் முனை வெளியே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் டயரைக் குத்தும். பத்தடி ஓட்டி நிறுத்தி மறுபடியும் இறுக்குவார். அந்த மழையில் மற்ற வண்டிகள் மாட்டிக்கொண்ட சேற்றிலிருந்து அவர் வண்டி மட்டும் ஏறி வந்தது.

அந்த வருடம்தான் எங்கள் தெருவுக்கு முதன்முதலாகத் தார் போட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு காலையில் ரோடு நெடுகக் குறுக்கு வெட்டுகள். மூட்டையோடு மில்லுக்குப் போகும் வழியில் அப்பா வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுப் போவது தெருவுக்கே தெரியும். பத்து மணிக்குள் செய்தி எட்டி, மில் முதலாளியே வந்துவிட்டார்.

"இன்னாய்யா, ஊர் ரோட்டயே உழுதுட்டியா? உன் சங்கிலிதான்னா சாவியக் குடுத்துட்டு நின்னுக்க."

"தார் ரோடு ஆரம்பிக்கற எடத்துலயே கழட்டிட்டேங்க" என்றார் அப்பா. அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். வேறு வருமானம் இல்லை. அவள் தறியில் பாவு நூல் தீர்ந்து, நெசவு நின்று பத்து நாள் ஆகியிருந்தது.

நான் உள்ளே போய், அறுந்து கிடந்த சிவப்புப் பட்டு நூலொன்றை எடுத்து, கொல்லையில் கிடந்த சங்கிலியின் பழைய இடைவெளியையும் புதிய இடைவெளியையும் முடிச்சுப் போட்டுக் குறித்துக்கொண்டேன். ரோட்டில் குந்தி அளந்தேன். வெட்டுகளின் இடைவெளி இரண்டையும்விட நீளம். சங்கிலிக் கண்ணியின் அடையாளமும் இல்லை, கம்பி அழுத்திய நேர்கோடுகள். நூலை முதலாளியிடம் காட்டினேன். அவர் தானே ஒருமுறை அளந்து பார்த்தார். சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான "கேஜ் வீல்" ஏற்படுத்திய தடம் அது. முந்தின நாள் அந்தச் சக்கரத்தோடு எங்கள் தெருவில் போனது அவருடைய இன்னொரு டிராக்டர்தான். "சரி சரி, ஜல்தியா வண்டிய எடு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கூட்டம் கலைந்த பிறகு, நூல் கையிலிருந்ததால் தெருமுனை அடிபம்பு வரை போனேன். வண்டி திரும்பும் வளைவில் ஏழெட்டுத் தடங்கள் தனியாக இருந்தன; சின்னச் சின்னக் கண்ணி அடையாளங்கள். நூலை வைத்தேன். முதல் ஐந்தும் பழைய இடைவெளிக்குச் சரியாக இருந்தன. அடுத்தது ஒரு விரல் கூடுதல், புதிய இடைவெளியின் முடிச்சுக்குச் சரியாக.

நிமிர்ந்தபோது அப்பா நின்றிருந்தார்.

"இன்னா பாப்பா பாக்குற?"

"ஒண்ணுமில்லப்பா."

கையை நீட்டினார். நூலைக் கொடுத்தேன். அதைப் பற்றி அவர் கேட்டதில்லை, நானும் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அவரை நம்பியிருந்தால் நான் அளக்கவே போயிருக்க மாட்டேன் என்பது அவருக்குப் புரிந்திருக்கும்.

இப்போது அங்கே சிமென்ட் ரோடு. மேலே மேலே போட்டு எங்கள் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்டது; அடிபம்பு இல்லை, சங்கிலிகள் பழைய இரும்புக்காரரிடம் போய் வெகுகாலமாகிறது. போன வருடம் அப்பா இறந்தபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பணி விடுவிப்புச் சான்று, லைசென்ஸ், டயர் வாங்கிய பில் என்று எல்லாக் காகிதத்தையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அவற்றுக்கிடையே ஒரு பழைய கவரில், முடிச்சு அவிழாமல், அந்தச் சிவப்பு நூல் இருந்தது. அடிவரை தேடினேன். சங்கிலிக்கு மட்டும் ரசீது இல்லை.