கொசு இல்லாத இடத்தில் ஒரு சேவல்

2009 பங்குனி வெயிலில், கடலூரில், ஒரு சேவலுக்குப் பனிக்கடி வரவழைத்த கால்நடை மருத்துவர் நான். இந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடித்ததாகத் தெரியவில்லை.

சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகருக்கு மாற்றலாகி வந்த புதிது. பிலோமினா என்ற அம்மா ஒரு சேவலைக் கொண்டுவந்தார். மஞ்சள் காமாலையில் கிடந்த கணவர் ஆரோக்கியம் பிழைத்ததற்காக அந்தோணியார் கோயிலுக்கு நேர்ந்துவிட்டது. கொண்டையில் இரண்டு மூன்று கொப்புளம். அம்மைதான், ஆரம்பம்.

"மத்த கோழிங்களோட விடாதீங்க. கொசு கடிச்சா பரவும். கொசுவே இல்லாத எடமா பாத்து வைங்க" என்று கறாராகச் சொன்னேன். கடலூரில் அப்படி ஓர் இடம் உண்டா என்று நான் யோசிக்கவில்லை. அவர்கள் யோசித்தார்கள்.

மூன்றாம் நாள் காலை இருவருமாக வந்தார்கள். கொண்டை வெளுத்து, விறைத்து, நுனி கறுத்திருந்தது. அம்மை முற்றிவிட்டது என்று ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டு, ஒப்புக்குக் கேட்டேன். "எங்க வச்சிருந்தீங்க?"

"நீங்க சொன்ன மாரியேதான் சார். நான் வேல பாக்குற ஐஸ் பிளாண்ட்டு, ஸ்டோர் ரூம்ல. மொதலாளிக்கே தெரியாது. ஒரு கொசு கெடையாது" என்றார் ஆரோக்கியம் பெருமையாக.

எனக்கு வியர்த்தது. கொண்டை கறுத்தது அம்மையால் அல்ல, குளிரில் உறைந்து. பனிக்கடிப் பாடத்தை, 'நம்ம ஊர்ல இது எதுக்கு' என்று கல்லூரியிலேயே புரட்டித் தள்ளியவன் நான். ஊட்டியில் இருந்த வகுப்புத் தோழனுக்கு போன் போட்டேன். சிரித்து முடிக்கவே அவனுக்கு நேரமானது.

"தேய்க்காத. நெருப்பு காட்டாத. வெதுவெதுப்பான தண்ணில துணிய நனைச்சு ஒத்தி எடு. கறுத்தத வெட்டாத, அதுவா விழும். மறுபடி குளிர்ல மட்டும் வச்சிராதடா."

தினமும் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒத்தினேன். சேவல் பிழைத்தது, கொண்டையில் பாதி உதிர்ந்தது. பிலோமினா அழுதேவிட்டார். "நேந்துக்கிட்டப்ப முழுசா இருந்திச்சி சார். கொறைய நீங்க வச்சீங்க. நீங்களே தூக்கினு வந்து அந்தோணியார்கிட்ட சொல்லுங்க."

கத்திரி வெயிலில் சேவலும் கையுமாகக் கோயில் வாசலில் நின்றேன்.

"கொண்டைக்கு என்ன ஆச்சு டாக்டர்?" என்றார் பங்குச் சாமியார்.

"பனி, ஃபாதர்."

அவர் வெளியே கொளுத்தும் வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேவலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, "எங்க வைப்பீங்க?" என்று கேட்காமல் ஒருவரையும் நான் அனுப்பியதில்லை. அந்தக் கொண்டை கறுத்த விஷயத்தில் நான் வாய்திறந்து சொன்ன சரியான டயக்னசிஸ், சாமியாரிடம் சொன்னது ஒன்றுதான். அதைத்தான் அவர் நம்பவில்லை.