சின்னன் போலந்துக்குப் போன கதை

நூலகக் கவுண்டரில் நிற்பவனிடம் உலகத்தில் உள்ள எதையும் கேட்கலாம் என்று சனங்கள் நம்புகிறார்கள். கவுண்டரில் நின்று பிழைத்தவர்களே, உங்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. தொண்ணூறுகளில் லண்டன் ஈஸ்ட் ஹாம் பக்கத்து நூலகமொன்றில் நான் பட்ட பாடு இது.

நாய்க்குட்டி

ஹலினா போலந்துக்காரி, எழுபது வயதிருக்கும். எங்கள் தேவாலயத்துக்குத்தான் வருவார். ஒருநாள் கவுண்டருக்கு வந்தார். வருகிற ஞாயிறு, கணவரின் ஓராண்டு நினைவுப் பூசையில் அவர் நாலு வார்த்தை பேசவேண்டும். கணவர் வாழ்நாளெல்லாம் ஹலினாவை 'ஷ்செனியே' என்றே கூப்பிட்டாராம். போலந்து மொழியில் நாய்க்குட்டி. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவேண்டும். அதற்கான அகராதி எங்களிடம் இல்லை, வேறு கிளையிலிருந்து திங்கட்கிழமை வரும் என்றேன்.

"பூசை ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே" என்றார்.

அத்தான்

என் அக்காவின் கணவர் தினமும் நூலகத்துக்குப் பத்திரிகை படிக்க வருவார். உலகத்து மொழியெல்லாம் தமிழின் வயிற்றில் பிறந்தவை என்பது அவர் கட்சி. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், வாசலில் ஹலினாவை மறித்து, அது தமிழ்ச் சொல் என்று அடித்துச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்ன அத்தான் இது என்று கேட்டேன்.

"சின்னதைச் சின்னன் எண்டுறமே, எங்கட அந்தச் சின்னன்தான் அங்கை போய் ஷ்செனியே ஆனது. தெரியாட்டில் சும்மா இரு!"

பூசை

ஹலினா அதை நம்பிவிட்டார். பூசை முடிவில் எழுந்து, கணவர் தனக்கு வைத்த செல்லப்பெயர் தமிழ்ப் பெயராம் என்றார். போலந்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் எங்கள் சனம் கைதட்டியது. கணவனை நினைத்து அழுகிற மனுசியின் பேச்சுக்கு! அத்தான் எழுந்து நின்றே தட்டினார். தலையைக் குனிந்துகொண்டேன். அதைவிட வெட்கம், என் கையும் தட்டிக்கொண்டிருந்தது.

முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பி, "இங்கே என்ன, கல்யாணமா?" என்றார்.

திங்கள்

அகராதி வந்தது. தொடங்குதல், புதிதாகத் தோன்றுதல் என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து அந்தச் சொல் வந்திருக்கலாம் என்றிருந்தது. சின்னனைக் காணவில்லை. ஹலினாவிடம் பக்கத்தைக் காட்டி, எங்கள் ஆட்களுக்காக மன்னிப்புக் கேட்டேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் இரண்டு தரம் படித்துவிட்டு அகராதியை மூடினார்.

"என் கணவர் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டினார். அவருக்காக ஒருவரும் கைதட்டியதில்லை. உங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்."

நானும் வாயைத் திறக்கவில்லை, அத்தானோ போலந்தைப் பிடித்த கையோடு அடுத்து ஹங்கேரிக்குப் போய்விட்டார்.