என் கணவருடன் நடந்தவர்கள்

கலியாணமாகி லண்டனுக்கு வந்த இரண்டாவது வருடம். எண்பதுகளின் கடைசி. அந்த இலையுதிர் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் வீட்டில் இருப்பதே இல்லை. குரொய்டனில் அவர் வேலை செய்த அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, காலையில் ரயில் ஏறி, நகரத்துக்கு வெளியே ஏதாவது ஒரு குன்றிலோ காட்டிலோ நாள் முழுக்க நடந்துவிட்டு இருட்டும்போது திரும்புவார்கள். அவரையும் ஒருமுறை கூப்பிட்டார்கள். போய் வந்தவர் அதன்பிறகு ஒரு ஞாயிறையும் விடவில்லை.

நான் நோர்பரியில், ஒரு கடைக்கு மேலிருந்த எங்கள் சின்ன வீட்டில், ஆட்டிறைச்சிக் கறியைச் சமைத்து மூடிவிட்டு யன்னலோரம் இருப்பேன். அவர் குளிரில் கன்னம் கன்றி, சப்பாத்தில் சேறும் காற்சட்டைப் பையில் செஸ்ட்நட் கொட்டைகளுமாக வருவார். மற்ற நாட்களில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மனிதர், அன்று மட்டும் சாப்பிட்டுக்கொண்டே மான் கண்டதையும் மழையில் நனைந்ததையும் சொல்லுவார். அந்தக் கதைகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அடிக்கடி வந்தாள். வரைபடம் பார்த்து எல்லோரையும் கூட்டிப்போகிறவள் அவள்தான். "அவ சொன்னவ", "அவ காட்டினவ" என்பார். என்னைப் பற்றித் தன் தாயிடம் தொலைபேசியில் சொல்லும்போதும் அவர் "அவ" என்றுதான் சொல்லுவார். அது எனக்குச் சுட்டது.

"வாற ஞாயிறு நானும் வாறன்," என்றேன்.

"உமக்கு ஏலாது. ஏத்தமும் இறக்கமும், ஒரே சேறு."

"அவவுக்கு ஏலுமெண்டா எனக்கும் ஏலும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிறு விடிய எழும்பி மீன் கட்லற் பொரித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் காற்சட்டை போட்டேன். பொக்ஸ் ஹில் ரயில் நிலையத்தில் அவர்கள் காத்திருந்தார்கள். நான் மனத்துக்குள் இளம்பெண் ஒருத்தியை வைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். நின்றவளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். உயரம், சிவப்புக் கம்பளித் தொப்பி, ஆண்கள் போடுவதுபோல ஒரு கனத்த சப்பாத்து. ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் என் கையைப் பிடித்து என் பெயரைப் பிழையில்லாமல் உச்சரித்தாள். நான் வேலை செய்த இடத்தில் ஒருவருக்கும் வாயில் நுழையாத பெயர். பக்கத்தில் இருந்து யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

சிறிது தூரத்தில் ஆறு வந்தது. அகலமில்லை. குறுக்கே வட்டக் கற்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒரு சோடி தங்கள் நாயோடு அதில் கால் வைத்துக் கால் வைத்துக் கடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஆசையாக இருந்தது.

"இதாலை போவம்!" என்று ஓடினேன்.

ஒருவரும் பின்னால் வரவில்லை. அந்தப் பெண் வந்து என் முழங்கையை மெல்லப் பிடித்து, "நாங்கள் பாலத்தால் போவோம்," என்றாள். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் ஏற்கனவே பாலத்தை நோக்கித் திரும்பியிருந்தார்கள். என் கணவர் தண்ணீரைப் பாராமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். என் ஆசையை நிறுத்த இவள் யார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

குன்று ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. மற்றவர்கள் முன்னால் போக, அவள் மட்டும் என்னோடு நின்றாள்.

"கற்களில் போகாததற்கு மன்னியுங்கள். அவருடைய தம்பியின் காரணமாகத்தான்," என்றாள்.

தம்பி ஒருவர் இறந்துபோனார் என்று மட்டும் எனக்குத் தெரியும். விமானம் ஏறுமுன் மாமி, அவருடைய தாய், என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்: "சின்னவனைப் பற்றி அவனிட்டை ஒண்டும் கேளாதை பிள்ளை. அவன் தாங்கமாட்டான்." நான் கேட்கவில்லை. பெட்டிக்குள் அந்தப் பையனின் படத்தைக் கண்டபோதும், கண்டதைக் காட்டிக்கொள்ளாமல் திரும்ப வைத்துவிட்டேன்.

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் வந்த முதல் ஞாயிறு இதே ஆற்றின் நடுக்கல்லில் என் கணவர் உறைந்துபோய் நின்றாராம். இவள் திரும்பப் போய்க் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்து, என்ன நடந்தது என்று கேட்டாளாம். ஊரிலிருந்து கடலால் இந்தியாவுக்குப் போக வள்ளம் ஏறிய தம்பி, கரை சேராத வள்ளம், அதில் அவனுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் இவர்தான் என்பது, எல்லாவற்றையும் அந்தக் கரையில் வைத்தே சொல்லியிருக்கிறார்.

என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது.

உச்சியில் புல்லில் இருந்து எல்லோரும் கட்லற் சாப்பிட்டார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கச் செம்பும் மஞ்சளுமாக இருந்தது. நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். இவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என் கணவரை எந்த வழியால் கூட்டிப்போக வேண்டும், எந்த வழியால் கூடாது என்பது, அலுவலகத்தில் அவரோடு வேலை செய்யும் இந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரியும். அவருடைய சேட்டை மினுக்கி மடித்துவைக்கிற எனக்குத் தெரியாது. அந்தப் பெண் அவரோடு ஓடிப்போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது என்று நினைத்தேன்.

இறங்கும்போது ஒருவருக்கும் சொல்லாமல் விறுவிறென்று முன்னால் நடந்தேன். பாதை பிரிந்த இடத்தில் எந்தப் பக்கம் என்று பாராமல் காட்டுக்குள் இறங்கினேன். வெண்கட்டிபோல வெளுத்த சுண்ணாம்பு மண்ணும் ஈர இலையும் வழுக்கின. பின்னால் அவர் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

"நில்லும்! அது வழியில்லை!"

நின்றேன். "அவவுக்குச் சொல்ல ஏலும், எனக்குச் சொல்ல ஏலாதோ?"

எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"அவ கேட்டவ," என்றார் மெதுவாக. "நீர் ஒருநாளும் கேக்கேல்லை."

"கேக்க வேண்டாமெண்டு உங்கட அம்மாதான் சொல்லிவிட்டவ."

அவர் வழுக்காமல் கால் வைத்துக் கிட்ட இறங்கி வந்தார். "எனக்கும் சொன்னவ. வந்த பிள்ளையைப் பழங்கதை சொல்லிப் பயப்படுத்தாதை எண்டு."

மேலே யாரோ எங்களைத் தேடி விசில் அடிப்பது கேட்டது. பதில் குரல் கொடுத்துவிட்டு, மற்றவர்களை முன்னால் போகவிட்டு, நாங்கள் பின்னால் நடந்தோம். நான் கேட்டேன். நிலையம் வரைக்கும் அவர் சொன்னார். தம்பி எப்படி விசிலடிப்பான், எதற்காக அவசரப்பட்டான், எஞ்சின் நின்ற கதையைத் தப்பிவந்தவர் எப்படிச் சொன்னார் என்று எல்லாம். சில இடங்களில் அவருக்கு ஆங்கிலச் சொல்தான் முதலில் வந்தது. பிறகு நின்று தமிழைத் தேடினார். தேடி எடுக்கும் ஒவ்வொரு முறையும், இது முதலில் அவளுக்குச் சொன்னது என்று எனக்கு வலித்தது. ஆனாலும் அவர் கையை நான் விடவில்லை.

அதன்பிறகு இலையுதிர் காலம் தோறும் நானும் போனேன். எனக்கென்று சப்பாத்து வாங்கினேன். மகள் பிறந்தபின் அவளை முதுகில் கட்டிக்கொண்டு போனோம். தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பெண் ஓய்வுபெற்று ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டாள். கடைசி ஞாயிறு நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் உண்மையாகவே அழுதேன். பிறகு அவரைக் கட்டிப்பிடித்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, என்னைவிட அவரைக் கூடநேரம் பிடித்திருக்கிறாளோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கூடநேரம்தான்.