பாமாயில் வாத்தியாரின் விலக்கு

பூபதிராஜா பன்னாட்டு வணிகத்தை முப்பது வருஷமாகப் படிக்கிறவர். பாலக்காட்டுக் கல்லூரியில் அதை மலையாளத்தில் பாடமும் நடத்துகிறவர். எந்த நாட்டு எண்ணெய்க்கு என்ன சுங்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்த ஊரான கொழிஞ்சாம்பாறையில் இன்றைக்குத் தேங்காய் என்ன விலை என்று கேட்டால், பெரியப்பா மகன் அப்புசாமிக்குப் போன் போடுவார்.

சுங்கம் குறைந்தால் நாடு செழிக்கும் என்றது, முனைவர் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வேடு. அது முடிந்த கையோடு பாமாயில் வந்து இறங்கியது. தேங்காய் விலை சரிந்தது. அவரைக் கேட்டா கப்பல் விட்டார்கள்? ஊர் அப்படித்தான் நினைத்தது. பிறகு கருத்தை மாற்றிக்கொண்டு ஒரு புத்தகமே எழுதினார். அதை ஊரில் யாரும் படிக்கவில்லை. ‘பாமாயில் வாத்தியார்’ என்ற பேர் நிலைத்துவிட்டது.

அதனால்தான், மத்திய அமைச்சருக்கு மனு எழுதித் தரச் சொல்லித் தென்னை விவசாயிகள் கேட்டபோது, அந்தப் பேரைக் கழுவ இதுதான் சமயம் என்று மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். கையெழுத்துப் போடுகிறவர்கள் படிக்க முதலில் தமிழில். டெல்லிக்குப் பிறகு ஆங்கிலத்தில்.

கூட்டத்தில் அப்புசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். “ஆகையால், பாமாயில் இறக்குமதிக்கு உடனடியாக விலக்கு ஏற்படுத்த வேண்டும்.” நிறுத்தி, தம்பியைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, வரியே இல்லாம உள்ள உடச் சொல்றியா? மனசுல இருக்கறதுதான் கையில வருமாட்ட இருக்குது.”

“அய்யோ, இல்லீங்ணா! தடை பண்ணோணும்னுதானுங்க எழுதியிருக்கறேன். மலையாளத்துல வெலக்குன்னா தடைதானுங்களே?”

“நாம வரிவெலக்குன்னா வரி இல்லைங்கறோம்.”

“அப்ப மதுவெலக்குன்னா? அது தமிழ்தானுங்களே, தடைதானுங்களே?”

அப்புசாமி கொஞ்சம் யோசித்தார். “அதனாலதான் அது எங்கயுமே உருப்பட மாட்டேங்குது. அவனவன் தோதுக்கு அர்த்தம் பண்ணிக்கறான்.”

கூட்டம் சிரித்தது. பூபதிராஜாவும் சிரித்துவைத்தார். அந்தச் சொல்லை எழுதியது வகுப்பறை மலையாளமா, பழைய ஆய்வேடா என்பது அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை.

அப்புசாமி விலக்கை அடித்துவிட்டு, மேலே ‘தடை’ என்று எழுதினார். ‘எழுதியவர்: பேராசிரியர் பூபதிராஜா’ என்ற கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. பூபதிராஜா அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்த வரியைத் தொடவில்லை. அதற்குக் கீழே முதல் கையெழுத்தைப் போட்டு, காகிதத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார்.

“இங்கிலீசுல எழுதுனதும் யாருக்காச்சும் காட்டீட்டு அனுப்பு, பாமாயிலு.”