டெஸ்டுக்கு அண்ணியும் வந்தார்

முப்பத்தேழு வயதில் முதல் பிள்ளை. ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்த டாக்டரம்மா, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்றார். இன்னொரு ரத்த டெஸ்ட் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியுமாம். "கட்டாயமில்லம்மா. வீட்ல பேசிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

வீடு என்றால் என் கணவர். "உன் இஷ்டம்" என்றார். பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு. முழுப் பாரத்தையும் என் தலையில் இறக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டார்.

எனக்கு டெஸ்ட் எடுத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அண்ணியின், அதாவது கணவரின் அக்காவின், மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். பதினாலு வயது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும் முன்பே "அத்தை" என்று என் கழுத்தைக் கட்டிக்கொள்பவள். உன்னைப்போல் ஒரு பிள்ளை எனக்கு வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வதுபோல் இருந்தது. டெஸ்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணத்தைக் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் வாயில் எதுதான் நின்றிருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணி பொன்மலையிலிருந்து மகளோடு வந்து இறங்கினார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"என் பொண்ணை நினைச்சு டெஸ்ட் வேணாம்னியாமே? உனக்குத் தெரிஞ்சுக்கணும்னா எடு, வேணாம்னா விடு. எங்களுக்காக விடாத."

அவர் குரல் தணிந்தது.

"எனக்கு யாரும் முன்னாடி சொல்லலம்மா. இவ பொறந்தப்புறம்தான் சொன்னாங்க. ரெண்டு நாள் இவளைத் தூக்காம, சுவத்தைப் பாத்து அழுதுட்டே கிடந்தேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அழ வேண்டியதை அழுது முடிச்சிட்டு, பொறந்ததும் கையை நீட்டி வாங்கியிருப்பேன்."

அதுவரை, வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் டெஸ்ட் என்று நினைத்திருந்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராவதற்கும் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அண்ணி லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். மகளும்தான். ஊசி குத்தும்போது அவள் என் கண்களைப் பொத்தினாள், இரண்டு கையாலும், மூக்கையும் சேர்த்து. சிரித்த சிரிப்பில் ஊசி போனதே தெரியவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் போன் அண்ணிக்குத்தான். போட்ட பிறகுதான், அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று உறைத்தது.

"அது... இல்லையாம் அண்ணி" என்று முனகினேன்.

"ஏன் எழவு வீட்டு சேதி மாதிரி சொல்ற? பாப்பா நல்லா இருக்குன்னு வாய் விட்டுச் சொல்லு. என் பொண்ணும் நல்லாத்தான் இருக்கா."

அழுதுகொண்டே கத்திச் சொன்னேன். அந்தப் பக்கம் மகளும் சேர்ந்து கத்தியது கேட்டது.