நீலத் தூக்கம்

போன மாதம் பெருமாட்டி கிராமத்தில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டியாகிவிட்டது. பந்தியும் ஆரம்பித்தாயிற்று. யதேச்சையாக மேடைப் பக்கம் திரும்பினால்... பெண்ணும் மாப்பிள்ளையும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

பட்டுப்புடவைக்கு மேலே, தலையோடு சேர்த்துப் போர்த்திய ஒரு நீல பிளாஸ்டிக் ஷீட். கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மடியில் ஒரு தூக்குவாளி. மாப்பிள்ளையும் அச்சு அசல் அதே கோலம்.

முகூர்த்தத்துக்காகக் கருக்கலிலேயே எழுப்பிவிட்டோம், பிள்ளைகளுக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன். போட்டோகிராபர் மறித்தார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க. நீலத் தூக்கம் எடுத்துட்டிருக்கறமுங்க."

நீலத் தூக்கமா? அப்படி ஒரு சடங்கு எந்த ஊரில் இருக்கிறது?

தம்பி மனைவி தன் போனைக் கொடுத்தாள். தள்ளத் தள்ளப் படங்களாக வந்துகொண்டே இருந்தது. கல்லூரி வராந்தாவில் வரிசையாகப் பெண்கள் — நீல ஷீட், தூக்குவாளி, தூக்கம். கல்லாப்பெட்டியில் சாய்ந்த மளிகைக் கடைக்காரர். கோல் போஸ்ட்டில் சாய்ந்த கோல்கீப்பர். ஷீட் போர்த்திய ஒரு நாய் கூட இருந்தது. அது மட்டும் நிஜமாகவே தூங்கியது என்று நினைக்கிறேன்.

யார் இதை ஆரம்பித்தது? பந்தியில் பக்கத்து இலைக்காரர்களை விசாரித்தேன். கோயமுத்தூர் காலேஜ் என்றார் ஒருவர். இல்லை, கொச்சி என்றார் இன்னொருவர். வெளிநாட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்று ஒரு பெரியவர் முடிவாகச் சொல்லிவிட்டுப் பாயசத்துக்குக் கை நீட்டினார்.

எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் நண்பர் ஆறுமுகம். சாந்தன்பாறையில் ஜீப் ஓட்டுகிறவர். அதுவரை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அது எங்க ஏலத்தோட்டத்துல ஆரம்பிச்சதுக்கா. மொத படத்துல இருக்குற அக்காவையே எனக்குத் தெரியும்."

அதற்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்குமா?

மூணாறு போகலாம் என்று வீட்டுக்காரர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை நானே கிளப்பினேன். மறையூர் ஏறி, மூணாறில் ஒரு டீ குடித்து, பூப்பாறை தாண்டி சாந்தன்பாறை. ஆறுமுகம் எங்களை ஏலத்தோட்டத்துக்குப் பக்கத்தில் தொழிலாளர்கள் வீட்டு வரிசைக்குக் கூட்டிப்போனார்.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். சொந்தப் பெயர் வேண்டாம் என்றார். செல்லக்கனி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுத் தோழியும் வந்து உட்கார்ந்தார். அவர் ராசாத்தி. நடந்ததைச் சொன்னதெல்லாம் பெரும்பாலும் ராசாத்திதான்.

மழைக்காலம். செல்லக்கனியின் மகளுக்குக் கடும் காய்ச்சல். இரவு முழுக்கக் கண் விழித்த அம்மா, லீவு கேட்கப் பயந்து காலையில் ஏலக்காய் எடுக்கப் போயிருக்கிறார். அவர் தற்காலிக வேலைக்காரர். வரவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்தது. மழைக்கு நீல ஷீட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மத்தியானச் சோற்றுக்கு மரத்தடியில் உட்கார்ந்தவர், வாளியைத் திறக்கும் முன்பே தூங்கிவிட்டார். எல்லாரும் மறுபடி வேலைக்கு எழுந்தபோதும் அவர் எழவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு டூரிஸ்ட் ஜீப். யாரோ ஒருவர் ஒரு படம் எடுத்தார். 'இப்படி ஒரு வேலை எனக்கும் வேண்டும்' என்று எழுதி நெட்டில் போட்டார். அது சுற்றிச் சுற்றி, தோட்ட மேனேஜரின் போனுக்கே வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

செல்லக்கனி அழவில்லையாம். வேறு எந்தத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாராம்.

ராசாத்திக்குத்தான் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்களையெல்லாம் அதே மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொருவராக நீல ஷீட் போர்த்தி, மடியில் வாளி வைத்து, வாயைத் திறந்து, கழுத்தைச் சாய்த்து... படம். தேனியில் படிக்கிற தன் மகளுக்கு அனுப்பி, எல்லாவற்றையும் நெட்டில் போடச் சொன்னார். மறுநாள் எல்லாரும் சேர்ந்தே ஆபீசுக்குப் போனார்கள்.

"இது இப்ப நெட்ல பேஷன் சார், எல்லாரும் எடுக்காங்க. அவளும் எடுத்தா" என்று படங்களைக் காட்டினாராம் ராசாத்தி.

கவனியுங்கள். அந்த நிமிடம் அது சுத்தப் பொய். உலகத்தில் அந்த மரத்தடியைத் தவிர வேறெங்கும் அப்படி ஒரு பேஷன் கிடையாது!

மேனேஜர் படங்களையும் பார்த்தார், வாசலில் நின்ற பெண்களையும் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். அதற்குள் தேனிப் பெண்ணின் தோழிகள் ஆளுக்கொரு படம் எடுத்துப் போட்டார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த காலேஜ். அங்கிருந்து எங்கெங்கோ. சில நாள் கழித்து மேனேஜரே நீல ஷீட்டைப் போர்த்திக்கொண்டு ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்து ஒரு படம் போட்டாராம். செல்லக்கனியை அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மேனேஜருக்குப் புரியாமலா இருந்திருக்கும்? தெரியவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற இத்தனை ஊர் சேர்ந்து உழைத்திருக்கிறது, எதற்கென்றே தெரியாமல். நெட்டைத் திட்டுகிற கட்சியில்தான் நான் இருந்தேன். இப்போது கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது.

கிளம்பும்போது செல்லக்கனியிடம் கேட்டேன், அந்த முதல் படம் இருக்கிறதா என்று. தான் அதைப் பார்த்ததே இல்லை என்றார். முதலில் வெட்கம், அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். ராசாத்தியின் போனில் இருந்தது. செல்லக்கனிக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ...

"ஏட்டி, காட்டு பாப்போம்."

கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். வேறு யாரையோ பார்ப்பதுபோல.

"பாவம்" என்றார். "சோறு கூடத் திங்காம தூங்கிட்டா."